காற்றுக் கைப்பிடி

வரதனுக்குப் பெயிண்ட் டப்பாவைக் கண்டால் கை சும்மா இருக்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் கேன்டீனுக்கு அவன் சூப்பர்வைசர். ஆயுத பூஜை வருகிறது என்றால் பத்து நாள் முன்னாலேயே தட்டு வைக்கிற ஸ்டாண்டுக்குப் பச்சை, தண்ணீர்த் தொட்டிக்கு நீலம், காய் வெட்டுகிற மேஜைக் காலுக்குக் கறுப்பு என்று முடிவு கட்டிவிடுவான். ஒரு பெயிண்டரை வைத்துக்கொள்ளேன் என்றால் கேட்கமாட்டான். "அவன் மேலாப்புல பூசிட்டுப் போய்க்கினே இருப்பான். நம்ம சாமானுக்கு நாமதான் அடிக்கணும்" என்பான். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அவன் பிரஷ்ஷுக்குப் புதிதாக ஒரு சாமான் அகப்பட்டது. பெல்லட் அடுப்பு.

சிலிண்டர் விலை கட்டுப்படியாகாமல் போனதால் கேன்டீன் காண்ட்ராக்டர் அசன் முகைதீன் அதை ஆடி மாதத்தில் வாங்கிப் போட்டிருந்தார். பழவேற்காட்டுக்காரர், எல்லாருக்கும் பாய். கடலைத்தோலையும் மரத்தூளையும் அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள்தான் அந்த அடுப்புக்குத் தீனி. சமையல்கட்டுப் பெண்கள் அதற்குக் கோழித்தீனி என்று பேர் வைத்து, மூட்டை வந்து இறங்கும்போதெல்லாம் கொக்கரித்துச் சிரித்தார்கள். அடுப்புக்குக் கீழே ஒரு ஃபேன். ஃபேனிலிருந்து அடுப்புக்குப் போகிற குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு. தகடு குறுக்கே நின்றால் காற்று அடைபடும். திரும்பினால் காற்று போகும். அந்தத் தகட்டின் அச்சு குழாய்க்கு வெளியே சதுர நுனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கைப்பிடியைச் சொருகி நட்டுப் போட்டு முறுக்கியிருந்தார்கள். கைப்பிடிக்கு ஒரு முள், முள்ளுக்குப் பின்னால் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட தகரப் பட்டை. ஒன்றின் பக்கத்தில் அடைப்பு என்றும் ஐந்தின் பக்கத்தில் முழுத் திறப்பு என்றும் எழுதியிருந்தது.

அடுப்பைப் பொருத்த வந்த மெக்கானிக் டேம்பர், டேம்பர் என்று சொல்லி இதையெல்லாம் விளக்கினான். வரதன் அக்கறையாக நோட்டில் எழுதிக்கொண்டான். பற்ற வைக்க ஐந்து, உலை கொதிக்க நாலு, பருப்பு வேக இரண்டு.

தலைமைச் சமையல்காரி ரோசம்மாளுக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. அத்திப்பட்டிலிருந்து விடியற்கால ரயிலில் வந்து பதினோரு வருஷமாக இருநூற்று நாற்பது பேருக்கு ஆக்கிப் போடுகிறவள். "நம்பரு கெடக்கட்டும்பா. தீ எப்டி இருக்கணும், அத்தக் காட்டு" என்றாள். மெக்கானிக் காட்டினான். காற்று போதவில்லையென்றால் தீ சிவந்து சோம்பலாக ஆடும், கரும்புகை கிளம்பும். சரியாக இருந்தால் வெளுத்த மஞ்சளில் நிமிர்ந்து நிற்கும், புகை கண்ணுக்குத் தெரியாது. அவள் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் சோறு வெந்தது.

பூஜைக்கு முன்தினம் வரதன் அடுப்புக்குச் சில்வர் பெயிண்ட் அடித்தான். கைப்பிடியை ஸ்பானர் போட்டுக் கழற்றி, நல்ல சிவப்பாக அடித்து, பேப்பர் மேல் வெயிலில் காயவைத்தான். மறுநாள் காலையில் பூ வந்துவிட்டது, பொரி வந்துவிட்டது, பாயும் வந்துவிட்டார். வரதன் அவசர அவசரமாகக் கைப்பிடியைச் சொருகி நட்டை முறுக்கினான். எட்ட நின்று அழகு பார்த்துவிட்டு சந்தனம் வைத்தான்.

பாய் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஓரமாக நின்று சுண்டல் பொட்டலம் வாங்கிக்கொண்டார். வருஷா வருஷம் பூஜைச் செலவு அவருடையதுதான். உதவிச் சமையல்காரன் ஜெயராஜ் குங்குமத் தட்டை ரோசம்மாளிடம் நீட்டினான். "நாங்க வைக்கறதில்லபா" என்று சிரித்துக்கொண்டே அவள் ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

லீவு முடிந்து அடுப்புப் பற்ற வைத்த அன்றே தகராறு ஆரம்பித்தது. ரோசம்மாள் வழக்கம்போல முள்ளை ஐந்தில் வைத்தாள். புகை மூட்டிக்கொண்டு வந்தது. இருமிக்கொண்டே கைப்பிடியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுக்கு வந்ததும் தீ நிமிர்ந்தது. அவளுக்கே ஆச்சரியம். வரதனைக் கூப்பிட்டாள்.

"சார், இந்தக் கைப்பிடி இன்னாவோ மாறிக்கீது. ஒண்ணுல வச்சாத்தான் தீ நிக்குது. நீங்களே பாருங்க."

வரதன் தீயைப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்தான்.

"இன்னாக்கா நீ? ஒண்ணுன்னா மூடிக்கீதுன்னு அர்த்தம். மூடி வச்சிக்கினு எரியுதுன்றியே!" என்று சொல்லி ஐந்துக்குத் தள்ளினான். பத்து நிமிஷத்தில் மறுபடி புகை. தீனி நனைந்திருக்கும் என்று மூட்டையை வெயிலில் போடச் சொன்னான். அவன் தலை மறைந்ததும் ரோசம்மாள் ஒன்றுக்குத் திருப்புவாள். அவன் வந்து பார்த்தால் ஐந்துக்குத் தள்ளுவான். ஒரு வாரம் இப்படியே போனது. குண்டான்களெல்லாம் கரி பிடித்தன, சாம்பாரில் புகை வாடை அடித்தது. ஒருநாள் கோபத்தில், "எழுதப் படிக்கத் தெரியாதவங்க கையில மெஷினைக் குடுத்தா இப்டித்தான்" என்றுகூடச் சொல்லிவிட்டான். காய் வெட்டுகிற கெங்கம்மாள் அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். ரோசம்மாள் அரிசி களைந்தாள்.

அடுத்த வாரம் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் நாலு பேர் கேன்டீனிலேயே சாப்பிடுவதாக ஏற்பாடு. வரதன் காலையிலிருந்து அடுப்பைவிட்டு நகரவில்லை. முள் ஐந்திலேயே நின்றது. பதினோரு மணிக்குச் சமையல்கட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அரிசி பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தது. கேட்டில் அதிகாரிகளின் கார் வந்துவிட்டதென்று வரதன் ஓடினான். அந்த இடைவெளியில் ரோசம்மாள் முள்ளை ஒன்றுக்குத் திருப்பி உலையைக் காப்பாற்றப் பார்த்தாள். நேரம் போதவில்லை. இருநூற்று நாற்பது பேரும் தட்டை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒருவர் பாயை எல்லார் எதிரிலும் கிழித்துவிட்டார்.

பாய் சமையல்கட்டுக்கு வந்தபோது புகை இன்னும் கலையவில்லை. கைப்பிடியின் முள் ஒன்றில் நின்றது.

"நான் அஞ்சுல வச்சிட்டுப் போறேன் பாய். இந்தம்மா ஒண்ணுக்குத் தள்ளிடுது. ஒரு வாரமா சொல்லிக்கினே கீறேன்" என்றான் வரதன்.

"இல்ல பாய், ஒண்ணுல வச்சாத்தான்..." என்று ரோசம்மாள் ஆரம்பித்தாள்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகரப் பட்டையைப் படித்தார். "ஒண்ணுன்னா அடைப்புன்னு போட்டுக்கீதே ரோசம்மா. கண்ணுக்கு எதிர்லயே போட்டுக்கீதே."

பின்னால் நின்ற ஜெயராஜ், "குங்குமம் வாணாம்னு சொல்ட்ச்சி இல்ல, அதான் அடுப்பு கோச்சிக்கினு கீது" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். வரதனும் சிரித்தான்.

பதினோரு வருஷம் வேலை செய்தவளை அனுப்ப மனமில்லை என்று பாய் சொன்னார். நாளை முதல் ஜெயராஜ் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும், ரோசம்மாள் பாத்திரம் துலக்கட்டும் என்று முடிவானது. அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நாலாக மடித்து, மசாலா அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஜெயராஜ் கைக்கும் அடுப்பு மசியவில்லை. அவன் வரதன் சொன்னபடி ஐந்தில் வைத்தான், புகைதான் வந்தது. அவள் ஒரு வாரம் மூடி மூடி வைத்ததில் உள்ளே கரி அடைத்துக்கொண்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அப்படியென்றால் சுத்தம் செய்துவிடலாம் என்று வரதன் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தான். கம்பெனி லீவு. கேட்டில் வாட்ச்மேனைத் தவிர ஆள் இல்லை.

ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாய்க்குள் டார்ச் அடித்தான். கரி இல்லை. குழாய் சுத்தமாக இருந்தது. வட்டத் தகடு மட்டும் முழுசாகக் குறுக்கே நின்றது. நிமிர்ந்து கைப்பிடியைப் பார்த்தான். முள் ஐந்தில் இருந்தது.

ஒன்றுக்குத் திருப்பினான். தகடு அகலத் திறந்துகொண்டது. மறுபடி ஐந்துக்குத் திருப்பினான். மூடிக்கொண்டது. நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தான், என்னவோ ஒரு தடவையாவது மாறிவிடும் என்பது மாதிரி. அப்புறம் கைப்பிடியின் சிவப்பு கண்ணில் பட்டது. சதுர நுனியில் கைப்பிடி நாலு பக்கமாகவும் உட்காரும். பூஜையன்று காலையில் அவன் எந்தப் பக்கமாகச் சொருகினான் என்று பார்த்தானா? பார்க்கவே இல்லை. பளபளப்பாக இருக்கிறதா என்றுதான் பார்த்தான்.

வரதன் தரையில் உட்கார்ந்துவிட்டான். காது மடல் சுட்டது. யாரும் பார்க்காத இடத்தில் மனுஷனுக்கு அவ்வளவு வெட்கம் வரும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கையில என்று சொன்ன அதே வாயைத் துடைத்துக்கொண்டான். அவள் தீயைப் பாருங்கள் என்று கூப்பிட்டாள். அவன் எண்ணைப் பார்த்தான். அந்த எண்ணைப் பொய்யாக்கி வைத்தவனும் அவனேதான்.

எழுந்து கைப்பிடியைக் கழற்றி, சரியான பக்கமாகச் சொருகி, நட்டை முறுக்கினான். நாலு நிமிஷ வேலை. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக எல்லாரிடமும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான். அதில் சந்தேகமே இல்லை, நிஜமாகத்தான் தீர்மானித்தான்.

திங்கட்கிழமை ஜெயராஜ் பற்ற வைத்தான். தீ வெளுத்த மஞ்சளில் நிமிர்ந்து நின்றது. வரதன் தொண்டையைச் செருமினான். அதற்குள் ஜெயராஜ், "பாத்தீங்களா சார்! கை மாறினதும் அடுப்பு எப்டி கீதுன்னு!" என்று கத்தினான். கெங்கம்மாள்கூட, "அப்போ மெய்யாலுமே அதுங்கையிலதான் கோளாறா?" என்றாள். பாய் போனில் கூப்பிட்டு, "நீ சொன்னது கரெக்டு வரதா. ஆளை மாத்தினது நல்லதாப் போச்சு" என்றார். சரி செய்யாமல் விட்டிருந்தால்கூட அவள்மேல் பாதிச் சந்தேகம்தான் இருந்திருக்கும். அவன் திருட்டுத்தனமாகச் சரி செய்ததுதான் அவள்மேல் குற்றத்தை ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிட்டது. வரதன் திறந்த வாயை மூடிக்கொண்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான்.

நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. சொல்ல முடியாதவன் வேறு என்ன செய்வான்? உபகாரம் செய்தான். பாத்திரம் துலக்குகிற இடத்தில் வெயில் படுகிறதென்று தார்ப்பாய் கட்டினான். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தான். டீ வந்தால் முதல் டம்ளர் ரோசம்மாளுக்கு என்று உத்தரவு போட்டான். அவள் அதையெல்லாம் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டாள். "நீங்க பேசலன்னா பாய் என்னை ஊட்டுக்கு அனுப்பியிருப்பாரு சார். எனுக்குத் தெரியும்" என்று ஒருநாள் சொன்னபோது அவன் ஸ்டோர் ரூமுக்குள் போய் அரிசி மூட்டைகளை எண்ணுவது போல நின்றுகொண்டான். சமையல்கட்டு வழியாகப் போகும்போது அவள் அடுப்புப் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டாள் என்பதையும் அவன் கவனித்திருந்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம், முதல் பந்தி உட்கார்ந்திருந்த நேரம், ரோசம்மாள் ஈரக் கையோடு அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். கோச்சிக்கக் கூடாது."

"கேளுக்கா."

"அந்தக் காத்துக் கைப்பிடிய எனுக்கு ஒருக்கா சொல்லிக் குடுங்க. வேலைக்காவ இல்ல. நான் எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சிக்கணும். ஊட்ல எம் பொண்ணு ஷைனி கேட்டுக்கினே கீது, இன்னாம்மா, உனுக்கா அடுப்பு தெரியாமப் போச்சுன்னு. நான் தீய நல்லாத்தான் பாத்தேன் சார். நின்னுது. எனுக்குத்தான் அப்டித் தெரிஞ்சிதா இன்னான்னு... போன வாரம் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணக் காட்னேன். அதெல்லாம் நல்லா கீதுன்ட்டாங்க. அப்போ கண்ணுல இல்லன்னா எனுக்குப் புத்தியில கோளாறான்னு பயமா கீது சார்."

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவள் தன் கண்ணையே சந்தேகப்பட்டு க்யூவில் நின்றிருக்கிறாள். அந்த நேரம் வரதன் தார்ப்பாய்க்குக் கயிறு வாங்கிக்கொண்டிருந்திருப்பான்.

"உன் கண்ணுல ஒண்ணும் இல்லக்கா" என்றான். "நீ பாத்ததுதான் சரி. நான்தான் பூஜைக்குப் பெயிண்ட் அடிச்சிட்டுக் கைப்பிடியத் திருப்பி மாட்டிட்டேன். அஞ்சுன்னு காட்னா உள்ள மூடிக்கும். ஒண்ணுன்னு காட்னா தொறந்துக்கும். அதான் உனுக்கு ஒண்ணுல எரிஞ்சுது. அப்றம் நானே சரி பண்ணிட்டேன்."

ரோசம்மாள் அடுப்பைப் பார்த்தாள். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. தீ நிமிர்ந்து நின்றது. மூன்று வாரத்துக்கப்புறம் அவள் அதைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கணம் என்னவோ இளகியது. அப்புறம் அவன் பக்கம் திரும்பினாள்.

"எப்போ தெரியும் உனுக்கு?"

அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"அந்த ஞாயித்துக்கெழமையே."

"நான் பாத்திரம் துலக்கப் போன வாரமே."

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், விரல் விரலாகத் துடைத்தாள். சோப்புத் தூளில் வெடித்த விரல்கள். கையுறை அளவு பெரிது, அவள் போடுவதே இல்லை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"உள்ள எல்லாம் சாப்ட்டுக்கினு கீறாங்க. பாயும் வந்துகீறாரு" என்றாள். "என்னாண்ட சொன்னத்த வந்து அங்க சொல்லு."

வரதன் போனான். சாப்பாட்டுக் கூடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். ஜெயராஜ் குழம்பு வாளியோடு நடுவில் நின்றான். பாய் கல்லா மேஜையில் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரதன் கைதட்டி நிறுத்தச் சொன்னான். பெயிண்ட்டைச் சொன்னான், கைப்பிடியைச் சொன்னான், புகைக்குக் காரணம் ரோசம்மாள் இல்லை, தான்தான் என்று சொன்னான். மூன்று வாரமாகத் தெரிந்தும் மறைத்தேன் என்பதையும் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான். இனிமேல் என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று உடம்பை இறுக்கிக்கொண்டான்.

ஒன்றும் வரவில்லை.

"அடப் பேஜாரு புடிச்சவனே, திருப்பியா மாட்டுனே?" என்று பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அதுக்கு இன்னா சார் இப்போ? அவசரத்துல யாருக்கும் ஆவறதுதான்" என்றான் ஜெயராஜ்.

முன் மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு வெல்டர், "எத்தினி பேரு இப்டி ஒத்துக்குவாங்க? பெரிய மனசு வேணும்யா அதுக்கு" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். அவனும் தலையாட்டினான். யாரோ ஒருவர் வரதனின் முதுகில் தட்டினார்.

பாய் வாசல் பக்கம் பார்த்து, "ரோசம்மா, நாளையிலேர்ந்து நீயே அடுப்பப் பாத்துக்கம்மா. சந்தோசம்தானே?" என்றார். அவர் பில்லுக்குத் திரும்பினார். ஜெயராஜ் வாளியைத் தூக்கினான். கரண்டிச் சத்தம் மறுபடி எழுந்தது. எல்லாம் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வரதன் நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். ரோசம்மாள் அங்கேயே நின்றிருந்தாள். சாப்பிடுகிறவர்களை மேஜை மேஜையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவனைப் பார்த்தாள். அவன் அருகே போனான்.

"யாருக்கும் ஆவறதுதான்னு சொல்றாங்க" என்றாள், மெதுவாக. "நான்தான் பண்ணேன்னு நெனச்சிக்கினு இருந்தப்போ இத்த ஒருத்தரும் சொல்லலியே."

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். இன்றைக்கு உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விட்டாள். முதல் பந்தித் தட்டுகள் வந்து குவிய ஆரம்பித்திருந்தன.

ரசம் கேட்டு ஒரு மேஜையிலிருந்து கூப்பிட்டார்கள். வரதன் வாளியை எடுத்துக்கொண்டு போனான். "ஊத்து சார், ஊத்து" என்று அவர்கள் சிநேகமாகச் சிரித்தார்கள். ஒவ்வொரு தட்டாக ஊற்றிக்கொண்டே வந்தான். ஒரு முகத்தையும் அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.